அங்கியைக் களைந்த பிறகு

ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மேம்பாலத்தில் மெட்ரோ ரயில் ஓடும் ஓசை மாடி வரையில் கேட்கும் ஒரு சிறிய வீட்டில், மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வசித்து வருகிறார். தம் பெயரை அச்சில் கொண்டுவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், எங்கள் தெருவினர் அழைப்பது போலவே 'ஜட்ஜ் சார்' என்று மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரை புரண்டு வந்து, எங்கள் வீடுகளின் கீழ்த்தளங்களையெல்லாம் மூழ்கடித்துவிட்டு வடிந்த பிறகு, நனைந்த மெத்தைகளையும் அரிசி மூட்டைகளையும் நாங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த வேளையில், அவர் மொட்டை மாடியில் ஏறி, செங்கல் துண்டுகளைப் பாரம் வைத்து, நீளக் காகிதங்களை ஒவ்வொன்றாக வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். உதவிக்குப் போன நான் அவற்றைப் பழைய வழக்குக் காகிதங்கள் என்றே எண்ணினேன். கேஸ் கட்டுகளைக் கட்டும் நாடா ஒரு புறம் சுருண்டு கிடந்தது; காகிதங்களின் ஓரத்தில் 'வா.சா.ஆ. 1', 'பி.வா.சா.ஆ. 3' என்று, வாதி பிரதிவாதி தரப்புச் சான்றாவணங்களுக்கு நீதிமன்றத்தில் இடுகிற குறியீடுகள் சிவப்பு மையில் இடப்பட்டிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளே இருந்தவை கம்பராமாயணப் பாடல்கள். வாலி வதைப் படலம் முழுவதையும் ஒரு வழக்காகப் பிரித்து, வாலியை வாதியாகவும் இராமபிரானைப் பிரதிவாதியாகவும் நிறுத்தி, ஒவ்வொரு பாடலையும் ஒரு சான்றாவணமாகக் குறியிட்டு, பல வருஷங்களாக அவர் எழுதி வந்த குறிப்புகள் அவை.

அந்த மாடியில் நின்ற அரை மணி நேரம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. நீதிபதி என்னும் உத்தியோகத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பதெல்லாம் ஓர் உயர்ந்த ஆசனமும், ஒரு கறுப்பு அங்கியும், டபேதார் முன்னே நடந்துவர அறைக்குள் நுழையும் ஓர் உருவமும், முடிவில் ஒரு தீர்ப்புமே ஆகும். அங்கியைக் களைந்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குச் செல்லும் அந்த மனிதர், மாலைப் பொழுதில் என்ன செய்கிறார், யாரிடம் பேசுகிறார், எதைப் படிக்கிறார் என்பதை நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தமிழ் உரைநடையின் சரித்திரத்திலும், பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சரித்திரத்திலும், சங்கீத சரித்திரத்திலும், நாடக மேடையின் சரித்திரத்திலும் நீதிபதிகள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்போம்.

இந்த உத்தியோகம் மனிதனைத் தனிமைப்படுத்துவது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்சீப்பாகப் பணியில் சேர்ந்தவர், இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை ஊர் மாற்றலாகிப் போகிறார். ஒவ்வோர் ஊரிலும் அவர் வந்து சேர்வதற்கு முன்பே, அவருடைய சிநேகத்தை விரும்புகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களில் யார் நாளைக்கு வழக்காளியாக எதிரில் வந்து நிற்பார் என்பது தெரியாது. ஆகையினால் கலியாணங்களுக்குப் போவதில் எச்சரிக்கை, விருந்துக்குப் போவதில் எச்சரிக்கை, கோயில் விழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்வதிலும் எச்சரிக்கை. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் நெறிமுறைகளும், பதவியின் கௌரவத்துக்கு ஏற்ற அளவு ஒதுங்கி வாழ்தல் வேண்டும் என்றும், வழக்கறிஞர்களோடு, அதிலும் அதே நீதிமன்றத்தில் தொழில் செய்பவர்களோடு, நெருங்கிய உறவு தவிர்க்கப்பட வேண்டும் என்றும் எடுத்துரைக்கின்றன. எங்கள் ஜட்ஜ் சார் ஒருமுறை சொன்னார்: "சின்ன ஊர்ல முன்சீப்பா இருந்தப்போ, சாயங்காலம் நடக்கப் போனா எதிர்ல வர்றவங்க ரோட்டை விட்டு எறங்கி நிப்பாங்க தம்பி. மரியாதைதான். ஆனா பேச ஒரு ஆள் கிடையாது. அப்பத்தான் கம்பனைக் கையில எடுத்தேன்."

பேச ஆளில்லாத அந்த மாலைப் பொழுதுகளிலிருந்து தமிழுக்குக் கிடைத்தவற்றை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடமிருந்தே தொடங்குவது பொருத்தம். 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணி செய்து, பின்னர் மாவட்ட முன்சீப்பாக உயர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நியாயாசனத்தில் அமர்ந்த அவர், பகலில் பிராதுகளைக் கேட்டுவிட்டு இரவில் செய்யுளும் கீர்த்தனமும் வசனமும் எழுதினார். 1859இல் வெளிவந்த நீதிநூலும், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கவையாக அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும், பெண் கல்விக்காக அவர் எழுதிய நூல்களும் ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் ஆங்கிலத்தில் பூட்டிக் கிடந்த அந்தக் காலத்தில், சதர் அதாலத் என்னும் மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் அவர் வெளியிட்டார் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் தம் வழக்கில் என்ன தீர்ப்பாயிற்று என்பதை வக்கீல் குமாஸ்தாவின் வாய்வழியாகவே தெரிந்துகொள்ளும் வழக்காளிகளின் முகங்கள் என் கண்முன் வருகின்றன. ஒரு முன்சீப்பு, தம் வேலையில் கட்டாயமில்லாத ஒரு வேலையைத் தாமே மேற்கொண்டு, ஜனங்களுக்கு அவர்களுடைய பாஷையிலேயே சட்டத்தைக் கொடுக்க முற்பட்டார்.

ஓய்வு பெற்ற பின்னர், 1879இல், அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று பிரசித்தி பெற்றது; அதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்நூலைப் படிக்கும்போதெல்லாம் அதை எழுதியவர் ஒரு நீதிபதி என்பது எனக்கு மறவாமல் நினைவுக்கு வருகிறது. தமிழர் வழக்கைத் தமிழர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதிக்கும் வக்கீல்களைக் கண்டித்து அவர் எழுதியிருக்கும் பகுதி, வேறெந்த நாவலாசிரியரும் கற்பனையில் எழுதியிருக்கக் கூடியதன்று; சாட்சிக் கூண்டில் நிற்கும் குடியானவன், தன் நிலத்தைப் பற்றித் தனக்கே விளங்காத பாஷையில் இருவர் பேசிக்கொள்வதை மாறி மாறிப் பார்த்து விழிக்கும் காட்சியை வருஷக் கணக்காகக் கண்ட கண்களே அதை எழுதியிருக்க முடியும். ஆண் வேடத்தில் அரசு நடத்தும் ஞானாம்பாளின் வாயிலாக நீதி பரிபாலனம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எழுதியவை, ஆசனத்தில் இருந்தபோது சொல்ல இடமில்லாதிருந்த வார்த்தைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாது வருஷப் பஞ்சத்தில், தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்த அந்த 1876, 77, 78ஆம் ஆண்டுகளில், மாயூரத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்து அவர் அன்னமிட்டதை, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் கண்டு உருகிப் பாடினார். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிறிஸ்தவரான இந்த முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை இயற்றினார். முன்சீப்பு கோர்ட்டுக்கு வந்தவர்கள் வெற்றி தோல்விகளோடு திரும்பிப் போய் மறைந்துவிட்டார்கள். அவருடைய தீர்ப்புகளை இன்று தேடுவார் இல்லை. மாலைப் பொழுதில் செய்தவை நிலைத்துவிட்டன.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் கதை இன்னும் அதிசயமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகி, அரசாங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து, சட்டமும் கற்று, கும்பகோணத்தில் வக்கீலாக இருந்து, 1880களின் பிற்பகுதியில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக அமர்ந்தவர் அவர். இத்தனை பதவிகளுக்கும் ஊடே அவருடைய ஜீவன் ஓலைச் சுவடிகளிலேயே இருந்தது. வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி என்று 1881 முதல் 1889 வரையில் அடுத்தடுத்து அவர் அச்சேற்றிய நூல்கள் ஒவ்வொன்றும், கரையான் வாயிலிருந்து பறித்தெடுத்தவை. தொட்டால் ஒடியும் ஏட்டையும், புரட்டினால் உதிரும் ஓரத்தையும், எழுத்து மறைந்து வெறுமையாய் நிற்கும் வரியையும் பற்றி அவர் தம் பதிப்புரையில் புலம்பியிருப்பதைப் படித்தவர்கள் கண் கலங்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பிப்பது ஒரு நியாய விசாரணைதான். பத்துப் பிரதிகள் பத்து விதமாகச் சொல்கின்றன. எந்தப் பிரதி பழையது, எது எந்தப் பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது, எழுதியவர் அறிந்து திருத்தினாரா, அறியாமல் பிழைத்தாரா, உரையாசிரியர் கண்ட பாடம் எது என்று ஒவ்வொரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்து, ஐயம் தீராத இடத்தில் ஐயத்தை ஐயமாகவே பதிவு செய்து வைக்கும் பொறுமை வேண்டும். நியாயாசனத்தின் பழக்கம் சுவடிக்கு உதவிற்றா, சுவடியின் பழக்கம் நியாயாசனத்துக்கு உதவிற்றா என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டும் ஒரே மனத்தின் தொழில்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ரயில் ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறி உயர் நீதிமன்றம் செல்லுகிற வழியில் தேனாம்பேட்டை நிலையம் வருகிறது. அந்தப் பேட்டையில் 1955ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் மகளிர் கல்லூரி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த பஷீர் அகமது சயீத் முயன்று ஏற்படுத்தியது. இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில் அதை அவர் கட்டினார். கிழக்கே மயிலாப்பூருக்குத் திரும்பினால், வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் தொடங்கிய வேங்கடரமணா வைத்தியசாலையும், மறு வருஷம் நிறுவிய சம்ஸ்கிருதக் கல்லூரியும் உள்ளன. அவர் நியாயாசனம் ஏறியது 1909இல். அதற்கு முன்பே, 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அழிந்தபோது, நம்மவர்களின் பாங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்து, 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் வங்கி பிறக்கக் காரணமானவரும் அவரே. அரசியலில் மிதவாதியாயிருந்தும், தீவிரவாதியான இளைஞர் பாரதியாரின் பாடல்களைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, தம் செலவில் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். எதிர்க்கட்சிக்காரரின் வாதத்திலுள்ள உண்மையைக் கேட்டு ஒப்புக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை, அவரை நீதிபதியாக்கிய ஆண்டுக்கு முன்பே அவரிடம் குடியிருந்தது.

உயர் நீதிமன்றக் கட்டடத்தினுள், வெண்சலவைக் கல்லில் வீற்றிருக்கும் சர் டி. முத்துசாமி ஐயரின் சிலையைக் கடந்து செல்லாத வக்கீல் இல்லை. மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கனுக்கு உதவியாளாகத் தொடங்கி, 1878இல் அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர் அவர். இந்தியர் ஒருவரை அப்பதவியில் அமர்த்தியதை வெள்ளையர் பத்திரிகைகள் பழித்தெழுதியபோது, அதற்கு மறுமொழி சொல்ல நமக்கும் ஒரு பத்திரிகை வேண்டும் என்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் அறுவர் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டதே 'தி ஹிந்து'வின் பிறப்பு. அவருக்குப் பின் ஆசனம் ஏறிய மயிலாப்பூர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்று ஊரார் அழைத்தவர், மும்முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாயிருந்து 1907இல் ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து வயதை நெருங்கும்போது, ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக, அன்னி பெசண்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டதை எடுத்துக் காட்டி, 1917ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்காக ஆங்கிலேய அமைச்சர் அவரைக் கடிந்து பேசியபோது, தமக்களித்த 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். பகலெல்லாம் சக்கரவர்த்தியின் பெயரால் நீதி வழங்கிய கைகள், கடைசியில் அந்தச் சக்கரவர்த்தியின் அரசாங்கத்தின் மீதே பிராது எழுதிக் கொடுத்தன.

கலைகளின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. நாடகக்காரன் என்றால் முகம் சுளித்த ஊரில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தாமே வேஷம் கட்டி ஆட வேண்டும் என்று 1891இல் சுகுண விலாச சபையை ஏற்படுத்தி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய பம்மல் சம்பந்த முதலியார், 1924 முதல் 1928 வரையில் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாயிருந்தார். கைமாற்றுக் கடனும் வாடகைப் பாக்கியும் வந்து நிற்கும் அந்தக் கோர்ட்டில், மனித சுபாவத்தின் நாடகத்தைத் தினந்தோறும் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்திருந்தது. 1948 முதல் 1961 வரையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த பி. வி. ராஜமன்னார், தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர். 1953இல் டில்லியில் சங்கீத நாடக அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர். ஓய்வு பெற்ற பிறகு, மத்திய மாநில உறவுகளை ஆராயத் தமிழக அரசு 1969இல் அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்து, அவர் 1971இல் அளித்த அறிக்கையை மாநில உரிமையைப் பேசுகிறவர்கள் இன்றளவும் கையில் எடுக்கிறார்கள்.

சங்கீதத்தில் டி. எல். வேங்கடராம ஐயரின் இடம் தனியானது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வழியாகக் காப்பாற்றப்பட்டு வந்தன. அந்தக் குடும்பத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' எழுதிய சுப்பராம தீட்சிதருக்குப் பின் அவர் குமாரர் அம்பி தீட்சிதர் எட்டையபுரத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த சமயத்தில், வக்கீலாயிருந்த வேங்கடராம ஐயர் அவரிடம் சீடராக அமர்ந்து, கிருதிகளைச் சுத்த பாடமாகக் கற்றார். கட்சிக்காரர்கள் காத்திருக்கும் தொழிலில், ஒரு சங்கதி சரியாக அமையும் வரையில் உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை வைராக்கியம் வேண்டும்! தாம் கற்றதை டி. கே. பட்டம்மாள் போன்ற பாடகர்களுக்குக் கற்பித்து, அந்தக் கிருதிகள் கச்சேரி மேடையில் உலவும்படி செய்தார். மியூசிக் அகாதெமி 1944இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்தே வந்தது. 1954இல் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். குரு சொன்னதற்கு மாறாக ஒரு ஸ்வரத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்தவருக்குக் கொடுப்பது, முன் தீர்ப்புகளைக் காத்துவரும் நீதிபதிக்குப் பழகிய தர்மமே அல்லவா?

தமிழ்க் காவியத்துக்குத் தம்மை ஒப்படைத்த நீதிபதிகளில் இருவரைச் சொல்லாமல் இருக்க இயலாது. எஸ். மகராஜன், திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டியில் அமர்ந்து கவிதையைக் காதால் அனுபவிக்கக் கற்றவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கியவர். கம்பனையும் திருவள்ளுவரையும் பற்றிச் சாகித்திய அகாதெமிக்காக ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிப் பிற மாநிலத்தாருக்கு அறிமுகம் செய்தவர். சட்டங்களைத் தமிழில் கொண்டுவருவதற்காக அமைந்த ஆட்சிமொழிச் சட்ட ஆணையத்துக்கு அவர் தலைவரானபோது, வேதநாயகம் பிள்ளை நூறு வருஷங்களுக்கு முன் தனியொருவராகத் தொடங்கிய பணி, வேறொரு நீதிபதியின் கையில் அரசாங்கப் பணியாக வந்து சேர்ந்தது.

மற்றொருவர் மு. மு. இஸ்மாயில். 1921இல் நாகூரில் பிறந்து, இளமையிலேயே கம்பனில் தோய்ந்து, கம்பன் விழா மேடைகளில் அவர் பேச எழுந்தால் சபை நிசப்தமாகும் என்று கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து, ஆண்டுதோறும் மயிலாப்பூரில் விழா நடத்தி, இராமகாதையைச் சமய எல்லைக்கு அப்பாற்பட்ட தமிழ்ச் செல்வமாக அவர் போற்றினார். ஐந்து வேளை தொழுகை தவறாத ஒருவர், இராமனுடைய குண விசேஷங்களை எடுத்துரைக்கக் கேட்டு, வைஷ்ணவப் பெரியவர்கள் கண்ணீர் உகுத்த சபைகள் இந்த ஊரில் நடந்தன. இதை நான் ஒரு விநோதமாகச் சொல்லவில்லை. நம் வாழ்வு அவ்வாறுதான் இருந்தது என்பதற்குச் சாட்சியமாகச் சொல்கிறேன்.

அவர் மென்மையானவர் என்று எண்ணிவிடலாகாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976, 77ஆம் ஆண்டுகளில், சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் அடிக்கப்பட்டதைப் பற்றி விசாரிக்க அமைந்த ஆணையம் அவருடையது. முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களின் பின்விளைவாக உயிரிழந்த கொடுமையை நாடறியப் பதிவு செய்தது அந்த விசாரணை. 1979இல் தலைமை நீதிபதியானார். மறு ஆண்டில் சில தினங்கள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். 1981இல் அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. நீதிபதிகளை அவர்கள் சம்மதமின்றி மாற்றலாமா என்ற பெரிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்க, அவரோ பதவியைத் துறந்துவிட்டு, கம்பனிடம் திரும்பிவிட்டார். பதவி போனால் மனிதனுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு அவரிடம் முன்பே விடை இருந்தது. ஆகையால் அவரால் எழுந்து போக முடிந்தது. 2005இல் மறையும் வரையில் அவர் எழுதியும் பேசியும் வந்தார்.

இங்கே எனக்குள்ள ஒரு கவலையைச் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்ற நீதிபதி அறுபத்திரண்டு வயதிலும், உச்ச நீதிமன்ற நீதிபதி அறுபத்தைந்து வயதிலும் ஓய்வு பெறுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர் பிறகு இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாகாது. உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாயிருந்தவர் தாம் பணி செய்த நீதிமன்றத்தில் வாதாடலாகாது. அரசியல் சாசனத்தின் கட்டளை இது. தேகமும் புத்தியும் திடமாயிருக்கும் அந்த வயதில், ஆணையங்களும் தீர்ப்பாயங்களும் ஆளுநர் மாளிகைகளும் அவர்களை அழைக்கின்றன. எம். சி. செட்டல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1958இலேயே, ஓய்வு பெற்ற நீதிபதிகள் அரசாங்கப் பதவிகளை ஏற்கலாகாது என்று எழுதி வைத்தது. அதற்கடுத்த சட்ட ஆணையத்துக்கு வேங்கடராம ஐயர் தலைவராகப் போனார். அது சட்டத்தைச் செப்பனிடும் பணி, நீதிபதிக்குரிய பணியே. ஆனால் இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்து 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்ற பி. சதாசிவம், அதே ஆண்டு செப்டம்பரில் கேரள ஆளுநராகப் பதவியேற்றபோது, நாடெங்கும் எழுந்த ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அவருடைய தீர்ப்புகளில் களங்கம் இருந்தது என்பதற்காக அன்று; நாளைக்கு ஒரு பதவி வரலாம் என்ற எண்ணம் சாதாரண வழக்காளியின் மனத்தில் புகுந்துவிட்டால், அவன் ஆசனத்தை நோக்கும் பார்வை மாறிவிடுகிறது. ஏடும் தம்பூராவும் கல்லூரியும் அந்தச் சந்தேகத்தை ஒருநாளும் உண்டாக்குவதில்லை.

கே. சந்துருவை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கிறேன். தொழிலாளர்களுக்கும் எளியவர்களுக்கும் வழக்காடிய வக்கீல், 2006 முதல் 2013 வரையில் உயர் நீதிமன்ற நீதிபதி; ஏறக்குறைய 96,000 வழக்குகளை முடித்தவர். பாதுகாவலர் வேண்டாம், 'மை லார்டு' வேண்டாம் என்று சொல்லி வந்தவர், 2013 மார்ச் 8ஆம் தேதி பிரிவுபசார விழாவையும் வேண்டாம் என்று சொல்லி, சொத்துக் கணக்கை ஒப்படைத்து, அரசாங்கக் காரைத் திருப்பிக் கொடுத்து, கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போனார். அதன் பின் அவர் கை ஓயவில்லை. பத்திரிகைகளில் எழுதுகிறார், 'நானும் நீதிபதி ஆனேன்' என்று தம் கதையை எழுதியிருக்கிறார், வக்கீலாயிருந்தபோது பழங்குடியினர் ஒருவருக்காக அவர் நடத்திய வழக்கு 2021இல் 'ஜெய் பீம்' திரைப்படமாகி உலகமெங்கும் போயிற்று, நாங்குநேரியில் பள்ளி மாணவன் சாதி வெறியினால் வெட்டப்பட்ட பிறகு, மாணவர்களிடையே சாதிப் பிரிவினையைப் போக்கும் வழியை ஆராய்ந்து 2024 ஜூனில் அரசுக்கு அறிக்கை அளித்தார். அரசாங்கம் கேட்ட பணியாயினும், அதில் காரும் மாளிகையும் இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்ள வசவே மிகுதி.

சென்ற வாரம் ஜட்ஜ் சாரைப் பார்க்கப் போனேன். வெள்ளத்தில் நனைந்த காகிதங்களை மறுபடியும் படியெடுத்துவிட்டார். மை கரைந்துபோன இடங்களில் மூலத்தைப் பார்த்து நிரப்பி, நிரப்பிய தேதியை ஓரத்தில் குறித்து, சிறு கையொப்பமும் இட்டிருக்கிறார். கீழ்த்தளத்தில் இனி ஒரு தாளும் வைப்பதில்லை. மாடி அறையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பரண் அடித்து, அதன்மேல் கட்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். கண் மங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பேத்தி வாங்கித் தந்த மேஜை விளக்கின் கீழே படிக்கிறார். கட்டின் கடைசித் தாளில், மேலே 'தீர்ப்பு' என்று ஒரு சொல் மட்டும் எழுதி, கீழே அடிக்கோடிட்டு, மிச்சம் வெறுமையாக இருந்தது.

"ஐயா, எப்போ எழுதப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வாலி சொன்னதை முழுசாக் கேட்டுட்டேன் தம்பி. மறைஞ்சு நின்னு எய்ததுக்கு லட்சுமணன் சொன்ன பதிலையும் குறிச்சாச்சு" என்று சொல்லி, கட்டைப் பிரித்து, ஒரு தாளை எடுத்து விளக்கருகே பிடித்தார். "ஆனா தாரையை இன்னும் யாரும் விசாரிக்கலையே. போகாதேன்னு மொதல்லயே சொன்னவ அவதானே?"

அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையைத் தொட்டு ஒரு குறியிட்டார். பிறகு பாடலைத் தம் போக்கில் மெல்ல வாய்விட்டுப் படிக்கலானார்.